மார்புப் பையில் மிச்சமிருந்தது

கடலிலிருந்து ஆல்வினின் உடலைத் தூக்கியபோது ரீபிரீதரின் வாய்க்குழாய் மூடியிருந்தது. விட்ட மூச்சையே சுத்தம் செய்து திரும்பக் கொடுக்கும் கருவி அது. வாயிலிருந்து எடுத்தால் குழாயைத் திருகி மூடிவிட வேண்டும். சாகும்போதும் மனுஷன் அதை மறக்கவில்லை. அதனால் அவன் கடைசியாக விட்ட மூச்சு கருவியின் மார்புப் பைக்குள்ளேயே நின்றுவிட்டது. பை இப்போது கட்டிலில், அவன் படுக்கிற பக்கத்தில் கிடக்கிறது. மதியச் சூட்டில் லேசாக உப்பும், சாயங்காலம் தணியும். உயிரோடிருந்தவரை அவன் விட்ட மூச்சையெல்லாம் குறட்டை என்று திட்டித் தீர்த்த மனைவி பிலோமி, இந்த ஒன்றை யாரையும் தொடவிடவில்லை.

"மதினி, உள்ள இருக்கிற காத்தை அளந்தாத்தான் மிஷின் கோளாறா, அண்ணன் தப்பான்னு தெரியும்," என்றான் கொழுந்தன் டெரன்ஸ். அண்ணனும் தம்பியும் ஜோடியாக வாங்கிய கருவிகள். இன்னொன்றை மாட்டிக்கொண்டு நாளை அவன் இறங்க வேண்டும்.

"உங்க அண்ணன் தப்புதான். கட்டின நாள்லேருந்து அதைத்தானே சொல்றேன்."

"விளையாடாதீங்க மதினி. எனக்குப் பயமா இருக்கு."

பிலோமி அவனையே பார்த்தாள். பிறகு பையை எடுத்துவந்து அவன் மடியில் வைத்தாள். அவன் அளவுமானியைப் பொருத்திவிட்டு மூடியில் கை வைத்தான்.

"கொஞ்சம் இரு."

ஜன்னல்களைச் சாத்தினாள். கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி அடைத்தாள். ஃபேனை நிறுத்தினாள். இறக்கைகள் சுற்றி ஓயும்வரை இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்போ திற," என்றாள்.