தரிசில் நான்கு கற்கள்
விக்கிரமங்கலத்துக்கு மேற்கே, காரையும் சூரையும் மண்டிய முள்காட்டில் சித்திரை வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. யூகலிப்டஸ் கன்று நடுவதற்காக இடத்தை அளக்க வந்த சர்வேயர், நோட்டில் 'தரிசு' என்று எழுதிவிட்டுச் சங்கிலியை இழுத்தபடி நடக்கிறார். தலைக்கு மேல் ஓர் ஆட்காட்டிக் குருவி விடாமல் கத்துகிறது. காட்டைக் காக்க ஊரார் வைத்திருக்கும் சங்கத்தின் தலைவி குஞ்சம்மாள் ஓடிவந்து குறுக்கே கையை நீட்டுகிறாள். "அப்படியே நில்லுங்க சார், முட்டை கெடக்கு." "தரிசுல ஏதும்மா முட்டை? கல்லுதானே கெடக்கு." அவள் குனிந்து, தொடாமல், விரலால் காட்டுகிறாள். கற்கள் என்று அவர் நினைத்த நான்கில் ஒன்று லேசாக அசைகிறது. "இது ஒண்ணுதான்னு நெனச்சிராதீங்க. காடு பூரா கெடக்குங்க." தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் சர்வேயர் நிற்கிறார்.