ஜன்னலைத் திறந்தால் கடல்

"அந்தமான்ல மூணு நாளு! கடலப் பாத்த ரூம் புக் பண்ணிட்டேன்!" நெமிலிச்சேரி ஃபிளாட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கத்தினான் விஷால்.

ஹோட்டல் பெயரைக் கேட்டதும் அவன் மனைவி ரேஷ்மாவுக்குப் பகீரென்றது. "அது வேணாங்க. வேற பாருங்க."

"கேன்சல் பண்ண முடியாதுடி. நாப்பது பேரு புகழ்ந்து எழுதிக்கீறாங்க! இதக் கேளு: 'ஜன்னலைத் திறந்ததும் கடலைப் பார்த்து என் மனைவி அழுதேவிட்டாள்.' நீயும் அழுவ பாரு!"

ரேஷ்மாவுக்கு அப்போதே அழுகை வந்தது. டேட்டா என்ட்ரி வேலை என்று அவனிடம் சொல்லிவிட்டு, அந்த நாற்பது பாராட்டுகளையும் வெவ்வேறு பெயர்களில் வீட்டிலிருந்தபடி எழுதித் தந்தவள் அவள்தான்.

"ஜன்னலத் தொறந்தா எதிர்ச் சுவருதான் மேடம் தெரியும், பாத்து எழுதுங்க" என்று ஹோட்டல் மேனேஜர் போனில் சிரித்தபோது, அவளும் சேர்ந்து சிரித்திருந்தாள்.