ராணி போட்ட தண்டனை

"மண்டியிடாமல் நிற்கிறாயே, அவ்வளவு திமிரா? யாரங்கே! பிடியுங்கள் இந்தத் துரோகியை!"

ராணி கத்தியதும் எனக்கே திக்கென்றது. ஈட்டியோடு அவள் பின்னால் நடக்கும் காவலன் நான். சனி, ஞாயிறு மட்டும்தான். மற்ற நாளில் தபால்காரன்.

பழங்கால ராஜா ராணி வேஷம் கட்டி நடத்தும் எங்கள் ஊர் மறுமலர்ச்சிக் காலத் திருவிழாவில் ராணி வந்தால் எல்லோரும் மண்டியிடுவது வழக்கம். மண்டியிடாதவர்களைக் கிண்டலடித்துவிட்டுப் போய்விடுவாள். இதுவரை யாரையும் பிடிக்கச் சொன்னதில்லை.

எதிரே நின்றவர் ஹார்லன். டிக்கெட் வாங்கி வேடிக்கை பார்க்க வந்தவர்தான், ஆனால் முகம் மட்டும் தெரிய, தலை முதல் கால் வரை இரும்புக் கவசம். குளிர்காலம் முழுக்கத் தன் கையால் தட்டித் தட்டிச் செய்ததாம். ஜூலை வெயில் நூறு டிகிரியைத் தாண்டிக் கொளுத்தியது.

"அதைக் கழட்டித் தொலையேன், ஹார்லன். காலையிலேருந்து கெஞ்சறேன்," என்றாள் அவர் மனைவி ஜோலீன்.

"சும்மா இரு. போன வருஷம் பாதியில கழட்டினேன்னு ஊரே சிரிச்சுது. இன்னிக்குச் செத்தாலும் கழட்ட மாட்டேன்."

ராணி கையுறையைக் கழற்றி, வெறுங்கையால் அவர் கன்னத்தில் ஒரு தட்டு தட்டினாள். கூட்டம் "ஓ"வென்றது.

"கவசத்தைப் பிடுங்குங்கள்! தொழுமரத்தில் மாட்டுங்கள்!"

ராணி சொன்னால் செய்யத்தானே வேண்டும்? கவசத்தைக் கழற்றி, ஓக் மரத்தடியில் உட்கார வைத்துக் காலைத் தொழுமரக் கட்டையின் துளையில் மாட்டினோம்.

"பீர்க் கடை ஐஸ் தண்ணீரை இவன் தலையில் ஊற்றுங்கள்! ஊறுகாய்க்காரனே, வெள்ளரி ஊறிய உப்புத் தண்ணீரைக் கொண்டு வா! ஒவ்வொரு மிடறாகக் குடிக்கட்டும்!"

ஹார்லன் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். ஜோலீன் அழுதேவிட்டாள்.

"நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

கூட்டமும் ராணியைப் பார்த்து ஊளையிட்டது. அவளோ கைதியின் மணிக்கட்டை விடாமல் அரை மணி நேரம் பக்கத்திலேயே நின்றாள். அப்புறம்தான் மன்னித்தாள்.

கூடாரத்துக்குள் வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா லோர்னா, ஆசையாப் போட்டுட்டு வந்த மனுஷன். பொண்டாட்டி முன்னாடி இப்படியா பண்றது?"

லோர்னா கிரீடத்தைக் கழற்றி வைத்தாள்.

"கன்னம் அடுப்பு மாதிரி கொதிச்சுது. ஒரு சொட்டு வேர்வை இல்ல. முதலுதவிக்காரங்க ரெண்டு தடவை சொல்லியும் கேக்கலையாம். இன்னும் பத்து நிமிஷம் விட்டிருந்தா எங்க வார்டுக்குத்தான் தூக்கிட்டு வந்திருப்பாங்க."

மறந்தே போயிருந்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை லோர்னா பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவில் நர்ஸ்.

வெளியே ஹார்லனின் குரல் கணீரென்று கேட்டது.

"பாத்தியா ஜோலீன், நானாக் கழட்டலே! ராணியே ஆள் விட்டுப் பிடுங்கினா. என்னைக் கண்டா அவளுக்கு அவ்வளவு பயம்!"

உண்மையைச் சொல்லிவிட்டு வரலாமென்று எழுந்தேன். லோர்னா என் ஈட்டியைப் பிடித்து நிறுத்தினாள்.

"போய் உளறி வைக்காதே. பயம்னே இருக்கட்டும்."