இரண்டாவது சரணம்

"மூச்சு விடறதுகூடக் கேக்குது! என்ன பொண்ணு, என்ன குரல்!"

கண்ணை மூடிப் பாட்டில் சொக்கிப்போய்க் கிடந்தவர், அறைவாசலில் காலடிச் சத்தம் கேட்டதும் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"யாருங்க அந்தப் பொண்ணு?" என்றாள் மனைவி, ஈரக் கையைத் துடைத்தபடி.

"நீதான்! இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய நீ. வா, வந்து உக்காரு. நானே இன்னும் பல்லவியைத் தாண்டல."

ஒலிக்கருவிகளை வீட்டில் வைத்துக் கேட்டுப் பத்திரிகைக்கு மதிப்புரை எழுதுவது அவர் வேலை. இந்த வாரம் வந்திருந்தது ஒரு டேக். கம்ப்யூட்டரில் வெறும் எண்களாகக் கிடக்கும் பாட்டை ஒலியாக மாற்றித் தரும் பெட்டி. அதன் விலைக்கு ஒரு கார் வாங்கிவிடலாம்.

எந்தப் பெட்டி வந்தாலும் அவர் பரீட்சைக்குப் போடுவது ஒரே பாட்டுத்தான். அவர் முன்பு வேலை பார்த்த ஆபீஸின் ஆண்டு விழாவில் மனைவி பாடியது. முதல் வரிசையில் உட்கார்ந்து, ரெக்கார்டரை மடியில் வைத்து அவரே பதிவு செய்து, பின்னாளில் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தது.

ஒரே சரணத்தோடு நின்றுபோன பாட்டு. தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி அவள் மேடையை விட்டு இறங்கிவிட்டாள். அப்புறம் வீடு, பிள்ளைகள் என்று பாட்டே விட்டுப்போயிற்று.

"உன் குரலை வெச்சுத்தான் உலகத்துல இருக்கற பெட்டியையெல்லாம் எடை போடறேன், தெரியுமா?" என்று பெருமையோடு அவளைத் தன் நாற்காலியில், இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்காரவைத்தார்.

முதலில் பழைய பெட்டி. சரணம் முடிந்து ஆர்மோனியம் மெல்ல இழையும் இடத்தில் ஏதோ ஒரு சரசரப்பு.

"யாரோ நாற்காலியில அசையறாங்க. இப்ப புதுசுல கேளு. அசைஞ்சது யாருன்னே சொல்லிடும்!"

புதியதற்கு மாற்றினார். சரணம் முடிந்தது. ஆர்மோனியம் இழைந்தது. சரசரப்பு இல்லை. அந்த இடத்தில், பக்கத்தில் நின்று பேசுவதுபோல ஓர் ஆண் குரல்.

"மன்னிச்சுக்குங்க சார். வீட்டுலயும் தினமும் இதே இம்சைதான். எப்ப நிறுத்துவாளோ தெரியல."

அவருடைய குரல்தான். பக்கத்து நாற்காலியில் மேனேஜர் கொட்டாவி விட்டதும், எங்கே தன்னைத் தப்பாக நினைத்துவிடுவாரோ என்று பதறிப்போய்ச் சொன்னது. சொன்னதையே சுத்தமாக மறந்திருந்தார்.

நிறுத்தப் போன விரல் தடுமாறிச் சத்தத்தைக் கூட்டிவிட்டது. மேனேஜர் அடக்கிச் சிரித்த சிரிப்பு அறை முழுக்க நிறைந்தது. ஒயரையே பிடுங்கிப் போட்டார்.

அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே வாய் குழறினார்.

"சத்தியமா... இப்படி ஒண்ணு இதுல இருக்குன்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியவே தெரியாது. இந்தப் பெட்டி வந்துதான் கேக்குது."

அவள் எழுந்து, அவர் பிடுங்கிப் போட்ட ஒயரை நிதானமாகச் சுருட்டி மேஜைமேல் வைத்தாள்.

"எனக்கு அன்னைக்கே கேட்டுச்சு."