சிவப்பு விளக்கு அணைந்தபோது

கரண்ட் போகிறது. மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றும் இயந்திரங்கள் முனகி ஓய்கின்றன. பேச்சே கூடாதென்று புது மேனேஜர் மாட்டிவைத்த கேமராவின் சிவப்பு விளக்கும் அணைகிறது. கூரைக் கண்ணாடி வழியே விழும் வெயிலில் செம்புக் கம்பிகள் தகதகக்கின்றன. இன்றோடு வேலையை விட்டுவிடுவதென்று யாரிடமும் சொல்லாமல் வந்திருக்கிறாள் பிரவீனா. பக்கத்து மேசை சாந்தாமணி மாங்காய்க் கீற்றை நீட்டுகிறாள். "தின்னு அம்மணி. ஏசி நின்னுபோச்சு, மேனேஜர் இன்னேரம் இட்லியாட்ட வெந்துருப்பாரு." கூடமே வெடித்துச் சிரிக்கிறது. பிரவீனாவுக்குப் புரையேறுகிறது, நாலு கைகள் அவள் உச்சந்தலையில் தட்டுகின்றன. ஜெனரேட்டர் உறுமுகிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, சிரிப்பு மட்டும் நிற்கவில்லை. "உப்பு பத்துலீங்கக்கா," என்கிறாள் பிரவீனா, கேமராவைப் பார்த்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாளைக்கு நான் கொண்டாரனுங்க."