எதிர்க்கரைக்கு ஒரு தள்ளு

ஆறு கடலில் சேரும் அந்த ஊரின் வரலாறு இவ்வளவுதான்: பிணம் ஒதுங்கினால் கழியால் எதிர்க்கரைக்குத் தள்ளுவார்கள், ஓதம் ஏறிக் கடல்நீர் ஆற்றுக்குள் திரும்பும்போது எதிர்க்கரைக்காரர்கள் திருப்பித் தள்ளுவார்கள். பாட்டன் காலத்திலிருந்து இரண்டு ஊருக்கும் இருக்கிற ஒரே போக்குவரத்து அதுதான். முகத்தைப் பார்த்துவிட்டால் அடக்கம் செய்தாக வேண்டும். அடக்கம் முடியும்வரை படகு இறக்கக்கூடாது. அதனால் யாரும் பார்ப்பதில்லை. இன்று தள்ளுகிற முறை அஞ்சாப்புலிக்கு. பேர்தான் புலி. கழியை வைத்ததும் பிணம் புரண்டது. அவன் சட்டென்று வானத்தைப் பார்த்தான். “என்ன புலி, மழ வருமான்னு பாக்குறியா?” என்று கரையில் சிரித்தார்கள். ஒரே தள்ளு. நீரோட்டம் பிணத்தை வாங்கிக்கொண்டது. கழியை உருவியபோது நுனியில் ஒரு கறுப்புக் கயிறும் தாயத்தும் சிக்கி வந்தன. திருவிழாவில் தம்பியின் இடுப்பில் அவனே கட்டிவிட்ட தாயத்து. அதை மடியில் செருகிக்கொண்டு கரையேறினான். தம்பி மனைவி கோமளம் ஓடி வந்தாள். புருஷன் கடலில் காணாமல் போனதிலிருந்து அவள் கரையில்தான் கிடக்கிறாள். “நல்லாத் தள்ளுனீங்களா மாமா? திரும்பி வந்துறாதே? படகு நின்னுட்டா அவர யாரு தேடுறது?” “வராது புள்ள” என்றான் அஞ்சாப்புலி. அவனுக்குப் பின்னால் ஓதம் ஏறத் தொடங்கியிருந்தது.