இருபத்திரண்டு அடி

ஒரே ஒரு ஊராம். அந்த ஊருக்கு ஒரு பக்கம் கடலாம், மறுபக்கம் களப்பாம். நடுவில் ஆறு பேர்ச்சஸ் காணியாம், காணிக்குள் ஒரு தகரக் கொட்டிலாம். ஊர் கண்டக்குழி. கொட்டில் பளீலாவுடையது.

அந்தக் கொட்டில் கல்வீடாக மாற அவளுக்கு இன்னும் ஒரேயொரு கையெழுத்துத்தான் வேண்டியிருந்தது.

வீட்டுத்திட்டத்தில் பெயர் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் பிரதேச சபையின் கட்டட அனுமதியைக் காட்டாவிட்டால் வீடு பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பதினாலு வயது மகள் அஸ்கா கக்கூசுக்கு இன்னமும் அடுத்த ஒழுங்கையில் மாமி வீட்டுக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தாள்.

கையெழுத்துப் போட வேண்டியவர் பக்கத்து வளவு இஸ்ஸதீன் நானா. அறுபதை எட்டிய தனி மனுசன். அவருடைய கிணற்றுக்கும் பளீலா வெட்டப்போகும் கக்கூஸ் குழிக்கும் இடையில் ஐம்பது அடி வேண்டுமாம். இருந்ததோ இருபத்திரண்டு. ஆறு பேர்ச்சஸில் குழியை வேறெங்கே தள்ள? "கிணத்துக்காரர்ட சம்மதக் கடிதம் கொண்டு வாங்க, பாப்பம்" என்று சபைக் கந்தோரில் சொல்லிவிட்டார்கள். பீ.எச்.ஐ. என்கிற சுகாதாரப் பரிசோதகர் அளக்கவும் வருவாராம்.

இஸ்ஸதீன் நானா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இதில நான் கையெழுத்து வெக்க மாட்டன்."

"ஏன் நானா?"

"வெக்க மாட்டன் எண்டா வெக்க மாட்டன். பீ.எச்.ஐ. அளக்க எப்ப வாறாராம்?"

"வியாழக்கிழம."

"வரட்டும்."

பளீலாவுக்கு உச்சி கொதித்தது.

"அஞ்சு வக்துத் தொழுகைக்கும் முன் சப்புல நிக்கிற மனுசன்! பக்கத்து வீட்டுக் குமருக்கு ஒரு கக்கூஸ் கட்ட ஒரு கையெழுத்துக் குடுக்க ஏலா? மௌத்தாகிப் போற நேரம் அந்தக் கிணத்தயும் கபுறுக்குள்ள கொண்டு போங்க!"

அவர் படலையைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் வளவுக்குள் ட்ரெக்டர் வந்து மண் கொட்டியது. ஒன்றல்ல, நாலு லோட். கிடுகு வேலி ஆளுயரம். உள்ளே நடப்பது தெரியவில்லை. மண்வெட்டிச் சத்தம் மட்டும் பகல் முழுக்கக் கேட்டது.

கடலால் வந்த புருசன் இனாஸ் மேல் பளீலா பாய்ந்தாள்.

"வளவ உசத்துறாரு! மாரிக்கு வெள்ளமெல்லாம் நம்மட பக்கம்தான். வீடும் இல்ல, இருக்கிற கொட்டிலும் மிதக்கப் போகுது."

"அவர்ட காணி. நாம என்ன செய்ற?"

"உங்கட வீரமெல்லாம் சூடை மீனோடதான்!"

பொறுக்கமாட்டாமல் வேலியடிக்குப் போய்க் கத்தினாள்.

"உங்கள அல்லாட்ட பாரம் சாட்டிட்டன் நானா!"

மண்வெட்டி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

வியாழக்கிழமை பீ.எச்.ஐ. கஜமுகன் அளவு நாடாவோடு வந்து இறங்கினார்.

"சம்மதக் கடிதம் எங்க அக்கா?"

"தர மாட்டன் எண்டுட்டார் ஸேர். நீங்க ஒரு சொல்லுச் சொன்னா..."

"உண்மையச் சொல்றன் அக்கா. கடிதம் இருந்தாலும் இருபத்திரண்டு அடியில என்னால பாஸ் பண்ண ஏலா. இது மணல். உங்கட குழித் தண்ணி நேரா அவர்ட கிணத்துக்குத்தான் போகும். குடிக்கிற தண்ணி."

"நாளைக்குக் கடைசி நாள் ஸேர்."

அஸ்கா உம்மாவின் பின்னால் வந்து நின்றாள்.

"எதுக்கும் அந்தப் பக்கமும் அளந்து எழுதத்தானே வேணும். வாங்க."

படலையைத் தள்ளியதும் கஜமுகன் நின்றார். கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார். முற்றத்தைப் பார்த்தார். மறுபடியும் வரைபடத்தைப் பார்த்தார்.

"நானா, இதில ஒரு கிணறு இருந்ததே?"

"இருந்திச்சு." இஸ்ஸதீன் நானா புதுமண்ணைக் காலால் மிதித்துக் காட்டினார். "சந்தேகமெண்டா கம்பியால குத்திப் பாருங்க ஸேர். அடிவரைக்கும் மண்தான்."

கஜமுகன் குத்தியும் பார்த்தார். சுற்றிலும் ஐம்பது அடிக்குள் வேறு கிணறு இல்லை. படிவத்தில் 'கிணறு மூடப்பட்டுள்ளது' என்று எழுதி, கீழே ஒப்பமிட்டார்.

"நாளைக்குக் காலையில கந்தோருக்கு வாங்க அக்கா. பெர்மிட் கிடைக்கும்."

பளீலா புதுமண்ணின் ஓரம்வரை போனாள்.

"நானா... அண்டைக்கே அந்தக் கையெழுத்த வெச்சிருக்கலாமே?"

"மூடப்போற கிணத்துக்கு எதுக்குப் புள்ள கையெழுத்து?"

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. நான் வாயில வந்ததெல்லாம்..."

"சொன்னா மூட விட்டிருப்பீங்களா?"

கஜமுகன் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, போகுமுன் திரும்பிக் கேட்டார்.

"இனித் தண்ணிக்கு என்ன செய்வீங்க நானா?"

"குழாய்க்கு மனுப் போட்டிருக்கன் ஸேர். இந்த ஒழுங்கைக்கு வர ஒரு வருசம் போகுமாம்."

மோட்டார் சைக்கிள் போன பிறகு, இஸ்ஸதீன் நானா இரண்டு வெறும் கேன்களைத் தூக்கிக்கொண்டு, அரை மைல் தூரத்துப் பள்ளிவாசல் குழாயடிக்கு நடந்தார்.